இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறரைக்கு எங்கள் வேதபாட வகுப்பு. ஏழெட்டுப் பேர் வருவோம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம், வெயில் இறங்கியும் சுவர் சுட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தேயு 17, சீஷர்களால் குணமாக்க முடியாத ஒரு பையனை இயேசு குணமாக்குகிற அதிகாரம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது வழக்கம். காட்பாடியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற சபை மூப்பர் ஒருவர் இருபதாம் வசனத்தை முடித்தார். அடுத்து உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் கைப்பேசியைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள்.

"பாப்பா, அது இருபத்திரண்டு. உன்னுது இருபத்தியொண்ணு."

"இதுல இருபதுக்கு அப்புறம் இருபத்திரண்டுதான் இருக்குது அங்கிள்."

"அப்ப இருபத்தியொண்ணு இன்னாச்சு?"

மூப்பர் தன் புத்தகத்தில் விரலை வைத்து, பிரசங்க மேடையில் நிற்பவர் போல நிறுத்தி வாசித்தார்: "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது." கண்ணாடியைக் கழற்றினார். "வேதத்துலயே கைவெக்க ஆரம்பிச்சுட்டானுங்க."

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று வாரம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பை நடத்துகிறவன் நான். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். தபால் வழியில் கொஞ்சம் இறையியலும், எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குக் கிரேக்கமும் படித்தவன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க சார், இன்னொருத்தி படிக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு நான் சொன்னது

மூப்பர் கேட்டது, யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் வருஷக்கணக்காகக் காத்திருந்த கேள்வி. முக்கால் மணி நேரம் பேசினேன்.

முதலில் அந்த எண். மத்தேயு எண் போட்டு எழுதவில்லை. புதிய ஏற்பாட்டை இன்றுள்ளபடி வசனங்களாகப் பிரித்து எண் கொடுத்தவர் ரொபேர் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர், 1551-இல். அவர் அச்சிட்ட கிரேக்கப் பாடத்தில் அந்த வசனம் இருந்தது, எண் விழுந்தது. பிற்காலத்தில் அது மத்தேயு எழுதியதில்லை என்று முடிவு செய்தவர்கள் வசனத்தை எடுத்தார்கள். எண்ணையும் எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஒன்று தள்ளிப்போகும் என்பதால் எண்ணை அப்படியே விட்டார்கள். வீட்டை இடித்த பிறகும் தெருவில் அடுத்த வீடுகளின் கதவிலக்கம் மாறாமல் இருக்கிற மாதிரி.

ஏடு பார்த்த தமிழனுக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை என்றேன். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டுத்தான் பாடம் தீர்மானித்தார். நம் ஓலைகளில் புள்ளி வைப்பதில்லை; எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும்; படிக்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். பழைய கிரேக்கப் பிரதிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. பெயர்த்தெழுதுகிறவன் தூங்கி வழிவான், ஒரு வரி தாண்டிவிடுவான். ஓரத்தில் எவரோ எழுதிய குறிப்பை உள்ளே சேர்த்துவிடுவான். சில பேர், 'இது இப்படித்தான் இருந்திருக்கும்' என்று நல்லெண்ணத்தில் திருத்துவார்கள். இந்தக் கடைசி வகையைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அவர்கள் எழுதியது நன்றாக இருக்கும்.

உதாரணம் வேண்டுமே என்று, "கால்கை வலிப்பு வாய்க்கு வாய் மாறிக் காக்கா வலிப்பு ஆச்சு பாருங்க, அந்த மாதிரி. காக்காய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரிக்கவில்லை என்று நர்ஸ் பெண் பிறகு சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

பிறகு பிரதிகள். சீனாய் மலை மடத்தில் ஜெர்மன் அறிஞர் திஷன்டார்ஃப் 1859-இல் கண்ட பிரதி ஒன்று, வத்திக்கான் நூலகத்தில் உள்ளது ஒன்று. இரண்டும் 4-ஆம் நூற்றாண்டு. இரண்டிலும் மத்தேயு 17:21 இல்லை. சீனாய்ப் பிரதியில் பிற்காலக் கை ஒன்று அதைச் சேர்த்திருக்கிறது. மிகப் பழைய சிரியாக் மொழிபெயர்ப்பிலும் இல்லை. பின்னால் வந்த பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் உண்டு, லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவிலும் உண்டு. இதே சம்பவம் மாற்கு 9-இல் வருகிறது. அங்குள்ள 29-ஆம் வசனத்தை யாரோ மத்தேயுவுக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்பது அறிஞர் பலரின் முடிவு.

அந்த மாற்கு வசனத்திலேயே, சீனாய்ப் பிரதியின் முதற்கையிலும் வத்திக்கான் பிரதியிலும் 'உபவாசம்' இல்லை. ஜெபம் மட்டுமே இருக்கிறது. அப்போஸ்தலர் 10:30-இலும் 1 கொரிந்தியர் 7:5-இலும் இதே கதை: பழைய பிரதிகளில் ஜெபம் மட்டும், பிந்தியவற்றில் கூடவே உபவாசம். மடங்களும் நோன்பும் பெருகிய காலத்தில் எழுதியவர்களுக்கு ஜெபம் என்றதுமே உபவாசமும் கையில் வந்திருக்கிறது. நமக்கு 'சோறு' என்று எழுதினால் 'குழம்பு' தானாக வருவதுபோல.

3-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) பிரதி ஒன்று மாற்கின் அந்த இடத்தில் சிதைந்திருக்கிறது. எஞ்சிய பகுதியைப் பார்த்தால் அதில் உபவாசம் இருந்ததாகத் தெரிகிறது. ஆகவே மாற்கு விஷயத்தில் வழக்கு முழுக்க முடிந்துவிடவில்லை என்பது என் எண்ணம். அதை அன்று சொல்லவில்லை. சொன்னால் மூப்பர் பிடித்துக்கொள்வார் என்ற பயம்தான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 22:19-ஐ எடுத்தார். இந்தப் புத்தகத்திலிருந்து எதையாவது எடுத்துப்போடுகிறவனுடைய பங்கைத் தேவன் ஜீவபுஸ்தகத்திலிருந்து எடுத்துப்போடுவார். அங்கேதான் நான் அவரை மடக்கினேன். கிரேக்கப் பிரதிகளில் அது ஜீவவிருட்சம். 1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவரிடமிருந்த பிரதியில் கடைசி ஏட்டைக் காணோம். அந்தச் சில வசனங்களை லத்தீனிலிருந்து தானே கிரேக்கத்துக்குத் திருப்பினார். லத்தீனில் விருட்சம் ஏற்கெனவே புஸ்தகமாகியிருந்தது. ஆக, எதையும் மாற்றாதே என்று எச்சரிக்கிற வசனமே மாறித்தான் நம் கைக்கு வந்திருக்கிறது.

மூப்பர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

அவர் கையிலிருந்த புத்தகத்தைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்து 1871-இல் வெளிவந்த வேதாகமத் திருப்புதல் (மொழிபெயர்ப்பு) அது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் அச்சிட்ட முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலிருந்து பப்ரிசியுஸ் வழியாக வந்த வரிசை. சீனாய்ப் பிரதி வெளியுலகத்துக்கு வந்து அப்போது பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலேயர்களே தங்கள் பைபிளைத் திருத்தி இந்த வசனத்தை எடுத்தது 1881-இல். பவருக்குக் கிடைத்த கிரேக்கம் எதுவோ அதை அவர் நேர்மையாகத் தமிழாக்கினார். அந்தத் தமிழில்தான் இந்த ஜில்லாவில் மூன்று நான்கு தலைமுறை அழுதிருக்கிறது, கல்யாணம் செய்திருக்கிறது, பிணம் புதைத்திருக்கிறது.

கதவோரம் இருந்தவர்

அந்த அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர். வகுப்புக்கு வரத் தொடங்கி மூன்று மாதம் இருக்கும். பெரும்பாலும் பேசமாட்டார். அந்த வாரம் மத்தேயு 17 வாசிக்கலாமா என்று கேட்டவரே அவர்தான். ஏன் கேட்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அவர் மகனுக்குப் பதினாறு வயது. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை ஒழுங்காகப் போட்டு இரண்டு வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. சொந்தக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டிக்கொடுக்க ஒரு மகளும் இருக்கிறாள், தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நாத்தனார் ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகிறவர். 'இது நோய் இல்ல, பிசாசு. புள்ளைய மூணு நாள் உபவாசம் போட்டு ஜெபிக்கணும். மாத்திரையும் குடுத்துக்கினு ஜெபமும் பண்ணா அதுக்குப் பேர் அவிசுவாசம்' என்று சொல்லிச் சொல்லி, வசனத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை இரவு பையனுக்கு வந்துவிட்டது. ஒருமுறை வந்து, தெளியும் முன்பே மறுபடி. பக்கத்து வீட்டார் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். (இரும்பு பிடித்தால் நிற்கும் என்பது நம் ஊரில் போகாத நம்பிக்கை. வலிப்பு பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானாகவே நிற்கும், பெயர் சாவிக்குப் போகும்.) 108 வந்து ஊரில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். வலிப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் முன்னைவிட மோசமாக, அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னார்.

வியாழக்கிழமை நான் பார்க்கப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாத்தனாரைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"அவங்க பேச்ச நான் கேக்கல சார். நீங்க சொன்னதத்தான் கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"உபவாசம் பழைய ஏட்டுல இல்ல, ஜெபம் மட்டும்தான்னு சொன்னீங்க இல்ல. புள்ள மூணு நாள் பட்டினி தாங்கமாட்டானேன்னு பயந்துக்கினு இருந்தேன். நீங்க சொன்னதும் உயிரே வந்துச்சு. வேளாவேளைக்குச் சோறு போட்டேன். மாத்திரைய மட்டும் நிறுத்திட்டேன்."

"மாத்திரையை ஏம்மா?"

"மற்றெவ்விதத்தினாலும் போகாதுன்னு போட்டிருக்குதே சார். மாத்திரையும் மற்றெவ்விதம்தானே?"

எந்தப் பேதம் பெரியது

வீட்டுக்கு வந்து மாற்கு 9:29-ஐக் கிரேக்கத்தில் எழுத்துக்கூட்டினேன். அந்த அம்மா சரியாகத்தான் படித்திருக்கிறார். 'எதனாலும் வெளியே போகாது' என்பதும் 'அன்றி' என்பதும் எல்லாப் பிரதியிலும் இருக்கின்றன. அதில் பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி வேறுபாடு, இல்லை. உபவாசத்தை எடுத்துவிட்டால் வசனம் தளர்வதற்குப் பதிலாக இன்னும் இறுகுகிறது: இரண்டு வழி இருந்த இடத்தில் ஒரே வழி. பழைய பாடத்தை நிலைநாட்டிய பெருமிதத்தில், ஒரு பையனுடைய மாத்திரைக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் நான் அடைத்துவிட்டேன்.

என் தவறு பிரதிகளைப் பற்றிச் சொன்னதில் இல்லை, அது உண்மைதான். காணாமல் போன வசனம் கண்ணில் படுகிறது. எண் விட்டுப்போகிறது, அடிக்குறிப்பு இருக்கிறது, மூப்பருக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பேச விஷயம் கிடைக்கிறது. பையனின் தலையெழுத்தைத் தீர்மானித்த பேதமோ அதற்கு ஆறு வசனம் மேலே, எல்லாப் பிரதியும் ஒத்துப்போகிற ஒரு சொல்லில் இருந்தது. அதற்கு எந்தப் பதிப்பிலும் அடிக்குறிப்பு கிடையாது. மத்தேயு 17:15-இல் தகப்பன் தன் மகனுக்கு என்ன நோய் என்று சொல்கிறான்?

பவர் திருப்புதலில்: "அவன் சந்திரரோகியாய்க் கொடிய வேதனைப்படுகிறான்." 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில்: "வலிப்பு நோயால்." இரண்டும் ஒரே கிரேக்க வினைச்சொல்லைத்தான் பெயர்க்கின்றன. அதன் வேர் செலேனே, அதாவது சந்திரன். நிலா பிடித்து ஆட்டுவது என்று அதன் பொருள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பழைய திருப்புதல்தான் நெருக்கம். ஆனால் 'சந்திரரோகி' என்றால் இன்றைய தமிழனுக்கு என்ன தெரியும்? அடுத்த வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "பைத்தியம்" என்றார் மூப்பர். "அமாவாசைக்கு அமாவாசை அதிகமாவுமே, அது" என்றார் இன்னொருவர். ஒருவர் மேல்மலையனூருக்கு அமாவாசையன்று போகும் பஸ்களைச் சொன்னார். நர்ஸ் பெண் மட்டும் "எபிலெப்ஸி" என்றாள். கிரேக்கன் எந்த நிலாவைப் பார்த்து அந்தச் சொல்லைச் செய்தானோ அந்த நிலாவுக்கு நம் ஊரிலும் வேலை இருக்கிறது. சொல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டதும் நோய் பேயாகிவிடுகிறது.

அதற்காக 'வலிப்பு நோய்' என்ற பெயர்ப்பு குற்றமற்றது என்றும் சொல்லமாட்டேன். அது பெயர்ப்பாக நின்றுவிடாமல் நோயைக் கண்டறிந்தும் சொல்கிறது. தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்பதையும், மாற்கில் வருகிற நுரை, பல் கடிப்பு, பிறகு சோர்ந்து கிடப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் செய்த நல்ல நோயறிதல். நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மூன்று வசனம் தள்ளி அதே மத்தேயு, இயேசு பிசாசை அதட்டினார், அது அவனை விட்டுப் புறப்பட்டது என்கிறார். 'வலிப்பு' என்று மாற்றிவிட்டதால் அந்த முரண் தீரவில்லை, இன்னும் கூர்மையாகிறது. 'சந்திரரோகி' அதை மூடிவைத்திருந்தது.

இது புதிய சண்டையும் இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகேன் என்ற திருச்சபை அறிஞர் இந்த இடத்துக்கு உரை எழுதும்போது, மருத்துவர்கள் இதற்கு உடம்புக் காரணம் சொல்கிறார்கள், தலையில் உள்ள ஈரம் நிலவோடு சேர்ந்து அசைவதாக; சுவிசேஷத்தை நம்புகிற நாமோ இது அசுத்த ஆவி என்கிறோம் என்று எழுதிவைத்திருக்கிறார். அவருக்கும் பல நூறு வருஷம் முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் ஒரு நூல், இந்த நோய் மற்ற நோயைவிடத் தெய்வீகமானது ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது. நாத்தனாரும் மருத்துவரும் வார்டு வாசலில் பேசிக்கொள்ளாமல் நின்ற சண்டைக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயது.

(உபவாசத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. பட்டினி கிடந்தால் சிலருக்கு வலிப்பு குறைகிறது என்பதை மருத்துவர்களே கவனித்திருக்கிறார்கள். பட்டினியின் விளைவைச் சாப்பாட்டிலேயே கொண்டுவர 1921-இல் அமெரிக்காவில் உருவானதுதான் கீட்டோஜெனிக் உணவுமுறை. இன்றும் மாத்திரைக்கு மசியாத சில குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னால் ஜெபக்கூடத்தில் கைதட்டுவார்கள் என்பதால் வகுப்பில் சொல்லவில்லை.)

வேலூரில் இருந்துகொண்டு இந்தச் சண்டை நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கிய நாளிலிருந்து இங்கே வேதமும் மருந்தும் ஒரே வண்டியில் வந்தவை. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனையில், 1949-இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்வதில் உலகப் புகழ் பெற்ற பென்ஃபீல்டிடம் மான்ட்ரியலில் பயின்று வந்தவர் அவர். வலிப்புக்காக எங்கிருந்தெல்லாமோ ரயில் ஏறி மக்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த மூப்பரும், இந்த ஊரிலேயே குடியிருக்கும் தாயும் ஒரு வசனத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

அவிசுவாசம் யாருடையது

பையன் ஏன் குணமாகவில்லை என்பதற்கு இயேசு சொல்லும் காரணம் பவர் திருப்புதலில் "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" (17:20). இங்கேயும் பாடபேதம் உண்டு. சீனாய், வத்திக்கான் பிரதிகளில் உள்ள சொல்லுக்கு 'கொஞ்ச விசுவாசம்' என்று பொருள், பிந்தியவற்றில்தான் 'அவிசுவாசம்'. புதிய மொழிபெயர்ப்புகள் நம்பிக்கைக் குறைவு என்கின்றன. கடுகளவு விசுவாசம் பற்றிய அடுத்த வாக்கியத்தோடு 'கொஞ்ச விசுவாசம்' கொஞ்சம் மோதுகிறது, அதனால் யாரோ அதைக் கடுமையாக்கிச் சரிசெய்திருக்கலாம். நல்லெண்ணக்காரன் வேலை.

ஆனால் இதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது பிரதி இல்லை. 'உங்கள்' என்ற சொல். அது யாரைப் பார்த்துச் சொன்னது? தனியாக வந்து கேட்ட சீஷர்களைப் பார்த்து. குணமாக்கப் போய் முடியாமல் திரும்பியவர்களை. தகப்பனைப் பார்த்து அவர் அதைச் சொல்லவே இல்லை. நாத்தனார் இந்த வார்த்தையை ஏழு வருஷமாகத் தாய் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பிரதியை எடுத்தாலும், எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் அது ஜெபிக்கப் போனவர்கள் தலையில்தான் விழுகிறது.

'ஜாதிப் பிசாசு' பற்றியும் ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் 'இந்த வகை' என்று மட்டும் இருக்கிறது. பிசாசு என்பது தமிழில் சேர்ந்தது. 'ஜாதி' அன்றைய தமிழில் இனம், வகை. மாற்கில் பவரே "இவ்வகைப் பிசாசு" என்று எழுதியிருக்கிறார். மத்தேயுவில் ஏன் ஜாதி என்று போட்டார் என்று தெரியவில்லை. மூப்பர் ஒருமுறை சொன்னார்: "ஜாதிப் பிசாசு இருக்குதே சார், அது உபவாசத்துக்கும் போவாது. நம்ம கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாருங்க." அந்த விளக்கத்துக்கு மட்டும் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்றாவது வெள்ளி

பையன் வீடு திரும்பியிருந்தான். அம்மா வருவாரோ என்ற சந்தேகத்தோடுதான் படியேறினேன். வந்திருந்தார், இந்தமுறை கதவோரம் இல்லாமல் நர்ஸ் பெண்ணின் பக்கத்தில். தானே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், மகனுக்கு வலிப்பு என்று. மூப்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் தங்கச்சிக்கு இருந்துச்சு. கெணத்துல விழுந்துட்டா" என்றார். அவ்வளவுதான். அவர் ஏன் அந்த வசனத்துக்காக அப்படிச் சண்டை போட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்.

நான் பிரசங்கம் எதுவும் தயார் செய்யவில்லை. ஒரே ஒரு வசனத்தைப் பார்க்கச் சொன்னேன், மத்தேயு 4:24. இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல். "பிசாசு பிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும், திமிர்வாதக்காரரையும்." அந்த நிலா வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வருவதே இரண்டு இடத்தில்தான், இங்கேயும் 17:15-இலும். இங்கே பிசாசு பிடித்தவர் வேறு, சந்திரரோகி வேறு என்று மத்தேயுவே தனித்தனியாக எண்ணுகிறார். 17-இல் இரண்டும் ஒரே பையனில் சேர்கின்றன என்பதை மறைக்கவில்லை, அதையும் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு வலிப்பும் பிசாசுதான் என்று மத்தேயு சொன்னதாக யாரும் இனி சொல்ல முடியாது.

மீதியைச் செய்தது நர்ஸ் பெண். மாற்கு 9-ஐக் கைப்பேசியில் தள்ளிக்கொண்டே வந்தவள், 21-ஆம் வசனத்தில் நின்றாள். பையன் தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரண்டுகொண்டிருக்கிறான். இயேசு உடனே அதட்டவில்லை. தகப்பனைப் பார்த்து, இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கிறார். சிறுவயது முதல், என்கிறான் அவன்.

"ஓ.பி.யில நாங்க கேக்குற மொதக் கேள்வி இதுதான் சார்" என்றாள். "எவ்ளோ நாளா இருக்குது? எத்தினி வயசுல ஆரம்பிச்சுது?"

மூப்பர் தன் புத்தகத்தில் அந்த வசனத்தைத் தேடினார். இருந்தது. என் கிரேக்கத்திலும் இருந்தது, எல்லாப் பிரதியிலும்.

கலைந்து போகும்போது அந்த அம்மா தன் வேதாகமத்தைத் திறந்து காட்டினார். மாற்கு 9-இல் மருத்துவமனைச் சீட்டு ஒன்று செருகியிருந்தது, அடுத்த முறை வரவேண்டிய தேதியோடு. 24-ஆம் வசனத்தின் கீழே பச்சை மையில் கோடு: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடே சத்தமிட்டுச் சொன்னான்." 'கண்ணீரோடே' என்ற சொல்லின் கீழ் மட்டும் இரண்டு கோடு.

"சார், இதுவாவது உங்க பழைய ஏட்டுல இருக்குதா?"

இல்லை. சீனாய்ப் பிரதியில் இல்லை, வத்திக்கான் பிரதியில் இல்லை, அந்தச் சிதைந்த பாப்பிரஸிலும் இல்லை. பிறகு எழுதியவர்களில் ஒருவர் சேர்த்தது. முதல் வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசியவனுக்கு இப்போது நாக்கு எழவில்லை. பொய் சொல்லவும் முடியாது.

"ரொம்பப் பழசுல இல்லம்மா. அப்புறம் எழுதினவங்க யாரோ சேர்த்திருக்காங்க."

அவர் முகம் மாறவில்லை. சீட்டை மறுபடி அதே பக்கத்தில் வைத்து மூடினார்.

"மொத எழுதினவரு வுட்டுட்டிருப்பாரு சார். புள்ள கீழ வுழுந்து கெடக்குறப்ப பெத்தவன் அழாமலா கேட்டிருப்பான்?"